'டக்'குனு சத்தம்... எப்போ வருது பாஸ்?

பைக் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்த பயம் வரும். கியர் மாத்துறப்ப, இத்தனை நாளா இல்லாத ஒரு 'டக்'! உடனே நண்பர்கள் கூட்டம் கூடிடும். 'கியர்பாக்ஸ் போச்சு மச்சி'ம்பான் ஒருத்தன். 'பேசாம வித்துடு'ம்பான் இன்னொருத்தன். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவன் மட்டும் எவனும் இருக்க மாட்டான்!

2018-ல எங்க வீட்டு வண்டியிலயும் அந்தச் சத்தம் வந்துச்சு. அது நான் காலேஜ் வாசல்ல பந்தா பண்ற வண்டி இல்லை. அப்பா பின்சீட்டில் சென்னிமலை போர்வை மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய் விக்கிற 100 சி.சி. வண்டி. அது நின்னா வருமானம் நிக்கும். ஒரு ஒர்க் ஷாப்புல காட்டினோம். 'இன்ஜின் இறக்கணும், ஆறாயிரம் ஆகும்'னாங்க. என் செமஸ்டர் ஃபீஸுக்கு அப்பா எடுத்து வச்சிருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

'ரெண்டு நாள் பொறுங்கப்பா'ன்னு சொல்லிட்டு, எங்க தெரு முனையில வண்டி பார்க்கிற அண்ணன்கிட்ட போனேன். 'கியர் மாத்தினா சத்தம் வருதுண்ணே'ன்னேன். 'என்ன சத்தம்னு அப்புறம் பார்ப்போம் தம்பி. எப்ப வருது, எப்ப வரலைன்னு மொதல்ல ஓட்டிப் பார்த்துட்டு வாங்க'ன்னார். அந்த ஒரு 'எப்ப'லதான் விஷயமே இருக்கு.

முதல்ல ஒண்ணு... எல்லா சத்தமும் நோய் இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல இருந்து ஃபர்ஸ்ட் போட்டா ஒரு 'டக்' வரத்தான் செய்யும். ஒரு கியரோட பக்கவாட்டுல துருத்திக்கிட்டு இருக்கிற பற்கள் நகர்ந்து போய் பக்கத்து கியர்ல மாட்டுறதுதான் 'கியர் விழறது'. ஒண்ணு சுத்திக்கிட்டு, இன்னொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா, மாட்டுறப்ப சத்தம் வராம என்ன பண்ணும்? குளிர்ல கிளட்ச் பிளேட்டுகளும் ஆயில்ல ஒட்டிக்கும். வண்டி சூடானதும் குறைஞ்சிட்டா கவலையை விடுங்க.

சூடான பிறகும் அப்படியே இருக்கா? சிக்னல்ல நியூட்ரல் கிடைக்க மல்லுக்கட்டணுமா? கிளட்ச் கேபிளைப் பாருங்க. பல வண்டிகளுக்கு லீவர் நுனியில 10-லிருந்து 20 மி.மீ. வரை 'ப்ளே' இருந்தா சரி. அதுக்கு மேல லூஸா இருந்தா கிளட்ச் முழுசா விடாது. அடுத்து ஆயில். இப்ப ஓடுற பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகள்ல இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணுக்கும் ஒரே ஆயில்தான். அதனால கார் ஆயில் வேண்டாம். டப்பாவில 'ஜாசோ எம்.ஏ.' முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

நான் ஓட்டிப் பார்த்தப்ப ஒரு விஷயம் பிடிபட்டது. தேர்ட் கியர்லயே போறேன். கியரையே தொடலை. ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கினா... 'டடக்'! அப்போ இதுக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்? கியர் மாத்துறப்பவும் இதேதான் நடக்குது. இழுவை ஒரு நொடி விட்டு, திரும்பப் பிடிக்குது. நடுவுல எங்கேயோ ஆட்டம் இருக்கு!

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல பின் சக்கரத்தைக் கையால சுத்தினோம். முழு கவருக்குள்ள ஒளிஞ்சிருந்த செயின் ஒரு இடத்தில விறைப்பு, இன்னொரு இடத்தில தொளதொளப்பு. தேய்ஞ்ச செயினோட லட்சணமே அதுதான். இந்த மாதிரி வண்டிகளுக்கு சாதாரணமா 20-லிருந்து 30 மி.மீ. தொய்வு இருந்தா போதும். அப்புறம் கியர்ல போட்டுட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். ஸ்ப்ராக்கெட் நிக்குது, சக்கரம் மட்டும் ஆடுது! ஹப்புக்குள்ள இருக்கிற ரப்பர் தேய்ஞ்சு போயிருந்துச்சு. செயின் செட், ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறுக்குள்ள முடிஞ்சது. இன்ஜின்ல ஒரு போல்ட்டைக்கூடத் தொடலை. ஃபீஸும் தப்பிச்சுது!

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடுறப்ப செயின் பக்கம் விரலோ துணியோ போகவே கூடாது, விரல் துண்டாயிடும். 'வெறும் சத்தம்தானே'ன்னு ஓட்டவும் கூடாது. தொளதொள செயின் ஓட்டத்தில கழன்று சிக்கினா பின் சக்கரம் அப்படியே லாக் ஆகலாம்.

நிஜமாவே இன்ஜின் பிரிக்க வேண்டிய கேஸும் உண்டு. போட்ட கியர் தானா கழண்டு வருது, மாத்துன ஆயில்ல இரும்புத் துணுக்கு மின்னுதுன்னா தள்ளிப் போடாதீங்க.

அதனால அடுத்த தடவை மெக்கானிக்கிட்ட போறப்ப ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க பாஸ்: குளிர்லயா, சூட்லயா? எல்லா கியர்லயுமா, ஒண்ணுலயா? கிளட்ச் பிடிச்சா நிக்குதா? கியரைத் தொடாமலே வருதா? நாலு கேள்விதான். பதிலோட போறவன்கிட்ட, எந்த ஒர்க் ஷாப்பும் எடுத்த எடுப்புலேயே 'இன்ஜின் இறக்கணும்'னு சொல்ல யோசிக்கும்!