ஆறு நாள் கார்ட்டூன், இரண்டாண்டுக் காத்திருப்பு

அமெரிக்க டிவி உலகில் 'சவுத் பார்க்' கார்ட்டூன் தயாரிப்பாளர்களின் வேகம் பிரசித்தம். புதன்கிழமை இரவு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடுக்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் கதைகூட இருக்காது. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். எழுதுவார்கள், குரல் கொடுப்பார்கள், வரைவார்கள், திருத்துவார்கள். ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் இருக்கும்போது டேப் சேனலுக்குப் போய்ச் சேரும். இந்த ஓட்டத்தைப் பற்றி '6 டேஸ் டு ஏர்' என்ற ஆவணப்படமே 2011இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதே மனிதர்கள் ஒரு வீடியோ கேம் பற்றி அறிவித்தார்கள். அது ரசிகர்களின் கைக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் ஒரு கம்பெனி திவாலானது, கேம் ஏலத்துக்குப் போனது, ரிலீஸ் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக வளர்ந்த மனிதர்கள் இத்தனை நாள் காத்திருப்பானேன் என்று கேட்கலாம். காத்திருந்தவர்களுக்கு அது வெறும் விளையாட்டுச் சாமானாக இல்லை என்பதுதான் பதில்.

ட்ரே பார்க்கர், மாட் ஸ்டோன் என்ற இரு கொலராடோ இளைஞர்கள் தொடங்கிய தொடர் இது. 1997 ஆகஸ்ட் 13 அன்று 'காமெடி சென்ட்ரல்' சேனலில் முதல் எபிசோடு வந்தது. அதன் உருவங்கள் காகிதத்தை வெட்டி ஒட்டியவை; பிறகு வந்தவை கம்ப்யூட்டரில் தயாரானாலும் அந்தக் காகிதத் தோற்றம் மாறவில்லை. பனி மூடிய மலையூர் ஒன்றில் ஸ்டான், கைல், கார்ட்மன், கென்னி என்று நான்கு பொடியன்கள். வாயைத் திறந்தால் வசவு. மதம், அரசியல், சினிமா நட்சத்திரங்கள் என்று அவர்கள் கிண்டலுக்குத் தப்பியவர்கள் குறைவு. குழந்தைகளைப் பற்றிய இந்தத் தொடர் குழந்தைகளுக்கானதல்ல.

பிரபலமான தொடரின் பெயரில் வீடியோ கேம் வருவது புதிதல்ல. பெயரை வாடகைக்கு வாங்கி, கையிருப்பில் உள்ள ஏதோ ஒரு கேமின் மேல் ஒட்டி, பண்டிகைக் காலத்தில் விற்றுத் தீர்ப்பது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். சவுத் பார்க்கும் அதற்குத் தப்பவில்லை. 1998இல் 'அக்லெய்ம்' நிறுவனம் நின்டெண்டோ 64க்காக ஒரு கேம் வெளியிட்டது. தட்டையான காகிதப் பிள்ளைகள் அதில் முப்பரிமாணத்தில் பலூன்போல் ஊதிக் கிடந்தார்கள். வெறிபிடித்த வான்கோழிகள் மேல் பனியுருண்டை எறிவது ஆட்டம். அடுத்தடுத்து ஒரு வினாடி வினா கேம், ஒரு கார் பந்தய கேம் என்று வந்தன. டிவியில் கேட்டுச் சிரித்த நையாண்டியை அவற்றில் தேடியவர்கள் ஏமாந்தார்கள்.

எனவே 2011 அறிவிப்பை ரசிகர்கள் ஆசையோடு மட்டுமல்ல, சந்தேகத்தோடும் பார்த்தார்கள். ஆசைக்குக் காரணங்கள் இருந்தன. 'தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்' என்பது கேமின் பெயர். தமிழில் 'வாய்மைக் கோல்' எனலாம். கதையை எழுதுபவர்கள் பார்க்கரும் ஸ்டோனும். கேமைத் தயாரிப்பது 'அப்சிடியன்' என்ற கலிஃபோர்னியக் கம்பெனி. ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் சுற்றி, பலரோடு பேசி, கதையை நகர்த்தும் 'ரோல் பிளேயிங்' ரகத்தில் பேர்போன நிறுவனம் அது. 2009லேயே பேச்சு தொடங்கியிருந்தது. ஒரு நிபந்தனை முக்கியமானது: கேம், டிவியில் பார்ப்பதுபோலவே இருக்க வேண்டும். அதற்காகத் தொடரின் படக் களஞ்சியத்தை அப்சிடியனுக்குத் திறந்துவிட்டார்கள்.

அப்போது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் தொடரில் அந்த ஊருக்கு ஒழுங்கான வரைபடமே கிடையாது! எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பது அந்தந்த வாரக் கதையின் வசதி. கேமில் அது செல்லாது. கார்ட்மன் வீட்டு வாசலில் இறங்கி இடப்பக்கம் நடந்தால் யார் வீடு வரும் என்று முடிவு செய்தாக வேண்டும். படைத்தவர்கள் உட்கார்ந்து தங்கள் ஊருக்கு முதன்முறையாகத் தெருக்களை வகுத்தார்கள்.

ரசிகர்கள் காத்திருந்ததும் ஒருவகையில் இதற்காகத்தான். கார்ட்டூனை எத்தனை ஆண்டு பார்த்தாலும் அது ஒரு ஜன்னல். உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், போக முடியாது. காமிரா திரும்பாத மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. இந்த கேமில் ஆடுபவர் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த பையன். பள்ளிப் பருவத்தில் பரிச்சயமான ஒரு தெருவில், நாற்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாக நடக்கப்போகிறவனின் படபடப்பு அது.

ஆனால் பணம் போட்ட கம்பெனி ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. கேமை வெளியிட இருந்த 'டிஎச்கியூ', டிவியில் படம் வரையும் 'யூடிரா' என்ற பலகையை 2011 பண்டிகைக் காலத்தில் ஏராளமாகத் தயாரித்து, விற்க முடியாமல் கையைச் சுட்டுக்கொண்டது. அப்சிடியனுக்கும் அது கெட்ட காலம். 2012 மார்ச்சில் வேறொரு பெரிய கேம் ரத்தானதால் ஊழியர்கள் பலரை அது வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. வேலையிழந்தவர்களில் சவுத் பார்க் குழுவினரும் உண்டு. ரசிகருக்குத் தாமதம் என்பது காலண்டரில் ஒரு தேதி மாறுவது. உள்ளே இருப்பவருக்கு அது மாதச் சம்பளம்.

2012 டிசம்பர் 19 அன்று டிஎச்கியூ திவால் மனு கொடுத்தது. அடுத்த மாதமே அதன் கேம்கள் ஒவ்வொன்றாக ஏலம் போயின. பாதி செய்யப்பட்ட சவுத் பார்க் கேமை பிரான்சின் 'யூபிசாஃப்ட்' எடுத்தது, விலை 32.65 லட்சம் டாலர். தங்கள் சம்மதமின்றி உரிமையைக் கைமாற்ற முடியாது என்று தொடரின் தயாரிப்பாளர்கள் கோர்ட்டில் ஆட்சேபம் எழுப்ப, பிறகு சமரசம் ஆனது. நம் ஊரில் பைனான்ஸ் தகராறில் படம் பெட்டிக்குள் முடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

இந்தத் தொகையை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கலாம். சில மாதங்களுக்கு முன்தான் அப்சிடியன், தான் செய்ய விரும்பிய வேறொரு கேமுக்காக நேரடியாக ரசிகர்களிடம் கையேந்தியிருந்தது. சுமார் 74 ஆயிரம் பேர் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள், 2015இல் வெளிவரப்போகிற ஒன்றுக்கு! சவுத் பார்க் கேமை வாங்கியவருக்கு அதை முடிக்கும் செலவும் காத்திருந்தது. எனவே இரண்டு தொகைகளும் ஒன்றல்ல. ஆனாலும் உலகறிந்த பெயரும் பாதி வேலையும் ஏலத்தில் பெற்றதைவிட, வெறும் நம்பிக்கை அதிகம் பெற்றது. காத்திருப்புக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு என்பதை அப்சிடியன் நேரில் பார்த்தது.

தேதிகள் நகர்ந்தன. 2012இன் பிற்பாதி என்றார்கள். 2013 மார்ச் 5 என்றார்கள். யூபிசாஃப்ட் கைக்கு வந்ததும் பெரும்பகுதியைப் பிரித்து மறுபடி கட்டத் தொடங்கினார்கள். 2013 டிசம்பர் 10 என்றது அடுத்த அறிவிப்பு. அக்டோபர் 31 அன்று அதுவும் போய், 2014 மார்ச் 4 ஆயிற்று.

அந்த அக்டோபர் அவர்களுக்கு ராசியில்லாத மாதம். ஆறு நாளில் எபிசோடு முடிக்கும் அந்தப் புகழ்பெற்ற குழு, 16 ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு புதன்கிழமையைக் கோட்டை விட்டது. ஸ்டூடியோவில் மின்சாரம் போய்விட்டது. சேனல் பழைய எபிசோடைப் போட்டுச் சமாளித்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் சவுத் பார்க்கின் குணம். கேம் தள்ளிப்போன இரண்டே வாரத்தில், நவம்பர் 13இல் தொடங்கி மூன்று எபிசோடுகள். பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து மாயாவி, மாவீரன் வேடம் கட்டுகிறார்கள். அப்போது கடைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு புது வீடியோ கேம் கருவிகளில் எதை வாங்குவது என்பது சண்டை. கேமில் அணியப்போகும் அதே வேடங்கள்தான் உடம்பில். நடுவில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினைத் தேடிப் போகிறான் பட்டர்ஸ் என்ற அப்பாவிப் பையன். டிராகன்கள் எப்போது வரும் என்று கேட்கிறான். இதோ வருகின்றன, வந்துகொண்டே இருக்கின்றன என்கிறார் எழுத்தாளர். ஆர்டர் செய்த பீட்சாவும் வந்துகொண்டேதான் இருக்கிறது! வாசகர்களைக் காக்கவைப்பவரைக் கிண்டல் செய்தவர்கள் தாங்களே ரசிகர்களைக் காக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்தே அடித்த கிண்டல். மூன்றாவது எபிசோடின் முடிவில், கொல்லையில் ஒரு குச்சியை வைத்து விளையாடிய நாட்களே போதுமே, வீடியோ கேம் எதற்கு என்று கார்ட்மன் உருக்கமாகப் பேசுகிறான். உடனே திரையில் 'வாய்மைக் கோல்' விளம்பரம்.

சிரிப்புக்கு அடியில் ஓர் உண்மை இருந்தது. கேம் கம்பெனிகள் ரிலீசுக்குப் பல மாதங்கள் முன்பே பணம் கட்டச் சொல்கின்றன. டிஸ்க் தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்டர்நெட் வழியே இறக்கிக்கொள்ளும் பண்டம் தீர்ந்துபோவதில்லை. பின் எதற்கு முன்பணம்? ஆர்வத்தைச் சூடு ஆறுவதற்குள் காசாக்கத்தான். விமர்சனம் வருவதற்குள் பணம் கல்லாவுக்குப் போய்விடும். ஆடுபவரின் ஆவலுக்கு மரியாதை செய்ய ஒரே வழி, அரைகுறையை விற்காமல் இருப்பது. திவாலுக்கும் ஏலத்துக்கும் நடுவே இந்த கேமை அப்படியே கடைக்குத் தள்ளியிருக்கலாம், பெயருக்காகவே விற்றிருக்கும். செய்யவில்லை என்பதுதான் அந்தத் தாமதங்களுக்குச் சொல்லக்கூடிய நல்ல சொல்.

2014 மார்ச்சில் வந்தே விட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. ஐரோப்பாவில் டிவியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கான பதிப்பில் சில காட்சிகளை வெட்டினார்கள். அந்த இடங்களில் முகத்தைக் கையால் மூடிய ஒரு சிலையின் படம். என்ன வெட்டப்பட்டது என்ற விவரம் எழுத்தில். ஆஸ்திரேலியப் பதிப்பில் சிலைக்குப் பதில் அழுகிற கோவாலா கரடி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நாஜிச் சின்னம் சம்பந்தப்பட்ட சட்டச் சிக்கலால் மேலும் தாமதம்.

ஆடத் தொடங்கியதும் முதல் கேள்வி: உன் பெயர் என்ன? ஆடுபவர் ஆசை ஆசையாகத் தன் பெயரை டைப் செய்கிறார். கார்ட்மன் அதைச் சட்டை செய்யாமல் ஒரு வசவையே பெயராகச் சூட்டுகிறான். கடைசிவரை அதுதான் பெயர். கதை ஒரு கட்டத்தில் பக்கத்து நாடான கனடாவுக்குப் போகிறது. எல்லை தாண்டியதும் திரை முழுக்க 1980களின் கட்டம் கட்டமான பழைய கேமாக மாறிவிடுகிறது. ஏமாற்றம் என்று சொன்னவர்கள் குறைவு. கார்ட்டூனுக்குள்ளேயே நடந்ததுபோல் இருக்கிறது என்பது பரவலான பாராட்டு.

ஊரே அடித்துக்கொண்ட அந்தக் கோல் கடைசியில் என்ன ஆகிறது? பிள்ளைகள் கூடிப் பேசி, இது யார் கையிலும் இருக்கக் கூடாது என்று குளத்தில் வீசிவிடுகிறார்கள். குச்சிதானே, வேறொன்று கிடைக்கும்.

கிடைத்தது. இரண்டாவது கேமை 2015இல் அறிவித்தார்கள். 2016 என்றது தள்ளிப்போய் 2017 அக்டோபரில் வந்தது. மூன்றாவது 'ஸ்னோ டே', 2024 மார்ச்சில். அதில் காகிதத் தோற்றத்தைக் கைவிட்டு, 1998 கேம்போலவே பிள்ளைகளை முப்பரிமாணமாக்கினார்கள், வரவேற்பு சுமார்தான். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'டிஎச்கியூ நோர்டிக்'. திவாலான கம்பெனியின் பெயரை 2014இல் விலைக்கு வாங்கி, பிறகு தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஐரோப்பிய நிறுவனம் அது. 2012இல் பாதியில் கைநழுவிய ஊருக்கு, பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பெயர் மட்டும் திரும்பி வந்து சேர்ந்தது.