அம்மணிக்கு, அம்பு முனை பற்றி

லா கிராஸ், விஸ்கான்சின்
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அம்மணிக்கு,

மாமா எழுதுவது. வேட்டைப் பாடத்தில் நீ தேறிய சான்றிதழை உன் அம்மா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ரொம்ப சந்தோஷம். மான் கறியே தொடாத உன் அம்மா அதைப் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

போனில் நீ கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். கடையில் இருந்தவர் ரெண்டு அங்குலம் விரியும் மெக்கானிக்கல் பிராட்ஹெட் முனையை வாங்கச் சொல்கிறார். உன் தோழி, ஃபிக்ஸட் பிளேடு தவிர வேறெதையும் தொடாதே என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது என்று குழம்புகிறாய். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது உன் கையில் இருக்கும் வில்லுக்கு ஃபிக்ஸட் பிளேடுதான். காரணத்தையும் தெரிந்துகொள். நாளைக்கு வில்லை மாற்றும்போது முனையை மாற்றுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்ய அது உதவும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் சேர்த்துக் கொல்லும். அம்பு வெட்டித்தான் கொல்லும். ரெண்டு நுரையீரலையும் கூரான அலகு வெட்டிக்கொண்டு போனால், மான் சில நொடி ஓடி விழுந்துவிடும். மழுங்கிய அரிவாள்மனையில் தக்காளியை அறுத்தால் அறுபடாமல் நசுங்குமே, மழுங்கிய அலகும் ரத்தக்குழாயை வெட்டாமல் அப்படித்தான் ஒதுக்கித் தள்ளும். அதனால் எந்த வகை முனையானாலும் கூர்மைதான் முதல் தகுதி.

ரெண்டாவது தகுதி, அம்பு மறுபக்கம் வெளியே வர வேண்டும். நீ இருபது அடி உயரத்தில் ட்ரீ ஸ்டாண்டில் உட்கார்ந்து கீழ்நோக்கி எய்வாய். அம்பு மானின் விலாவில் மேலே நுழைந்து, அந்தப் பக்கம் தாழ்வாக வெளியேறும். ரத்தம் வழிவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த துளையில்தான். அது இல்லாவிட்டால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிறையும், தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சொட்டு விழும். அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவந்து காடு முழுக்க உதிர்ந்து கிடக்கும்போது, அந்தச் சிவப்பில் ரத்தச் சொட்டைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். எய்த மானைக் கண்டெடுப்பது நம் கடமை, கண்ணு. முனையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடமையை மனசில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஃபிக்ஸட் என்பதில் அலகுகள் எப்போதும் விரிந்தே நிற்கும். அசையும் பாகம் கிடையாது. வெட்டும் அகலம் பொதுவாக ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம். மெக்கானிக்கலில் அலகுகள் உடலோடு ஒட்டி மடங்கிக் கிடக்கும். பின்பக்கமாக விரியும் வகையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், ரெண்டு அலகையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். தோலில் மோதியதும் அலகுகள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, வளையம் விட்டுக்கொடுக்க, ரெண்டும் பக்கவாட்டில் விரியும். ரேஜ் பிராண்டு மாதிரியான முனைகள் இப்படி ரெண்டு அங்குலம் விரிபவை.

மெக்கானிக்கலின் நல்ல குணங்களையும் சொல்லத்தான் வேண்டும். பறக்கும்போது அலகு மடங்கியிருப்பதால், நீ பயிற்சியில் எய்யும் ஃபீல்டு பாயின்ட் போலவே அது போகும். காற்று பிடிக்காது. அகலமாக வெட்டுவதால், குறி கொஞ்சம் தப்பினாலும் முக்கியமான குழாய் எதையாவது தொட்டுவிட வாய்ப்பு அதிகம். இது வெறும் விளம்பரப் பேச்சும் இல்லை. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் வில் வேட்டைக்காரர்கள் எய்த வெண்வால் மான்களைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். ஃபிக்ஸட் பட்ட மான்களில் சுமார் 82 சதவீதம் கைக்கு வந்தன, மெக்கானிக்கல் பட்டவற்றில் சுமார் 91 சதவீதம். மெக்கானிக்கலை மட்டம் தட்டிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு ஏன் உனக்கு வேண்டாம் என்கிறேன்? அந்தக் கணக்கு பலருடைய வில்லையும் சேர்த்துப் போட்ட சராசரி. நீ எய்யப்போவது உன் ஒரே ஒரு வில்லால். உன் வில்லின் இழுவிசை 45 பவுண்டு, உன் கை நீளத்துக்கு இழுப்பு 26 அங்குலம். அம்பு, முனையோடு சேர்த்து 400 கிரெயின். கடையில் அளந்த வேகம் நொடிக்கு 210 அடி என்று சொன்னாய். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுத்தால் உன் அம்பு சுமந்து போகும் ஆற்றல் கிடைக்கும். ஏறக்குறைய 39 அடி-பவுண்டு. என் 70 பவுண்டு வில்லில் 450 கிரெயின் அம்பு 275 அடி வேகத்தில் போகிறது. அதன் ஆற்றல் 75-க்கு மேல். கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

39 என்பது மானுக்குக் குறைச்சல் இல்லை. வீணாக்காமல் செலவழித்தால் போதுமானது. மெக்கானிக்கல் முனை அலகை விரிக்க ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிறகு ரெண்டு அங்குல அகலத்துக்குத் தோலையும் தசையையும் கிழித்துக்கொண்டு போக இன்னும் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். நடுவில் விலா எலும்பு குறுக்கிட்டால் அம்பு பாதியிலேயே நின்றுவிடலாம். என் வில்லுக்கு அந்தச் செலவு தாங்கும், உன்னுடையதற்குத் தாங்காது. கோணம் சாய்வாக இருந்தால் ஒரு அலகு முந்தி விரிந்து அம்பைத் திருப்பிவிடும் ஆபத்தும் உண்டு.

எந்த ஃபிக்ஸட் என்று கேட்பாய். 100 கிரெயின் எடையில், நுனியே அலகாக இருக்கும் முனையை எடு. நுனியில் உளி போன்ற கூம்பு வைத்த முனை முதலில் குத்தி, பிறகுதான் வெட்டும். நுனியே அலகாக இருந்தால் தோலைத் தொட்ட கணத்திலேயே வெட்டத் தொடங்கிவிடும், ஆற்றலும் மிச்சம். இது பழைய ஞானம். வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பேர் 1956-இல் கொண்டுவந்த ரேஸர்ஹெட் முனையும் இப்படிப்பட்டதுதான். இன்றைய காம்பவுண்ட் வில்கள் வருவதற்கு முந்தைய காலம் அது. அன்றைய வில்லின் வேகத்துக்கே அது மானைத் துளைத்தது. அகலம் ஒன்று, ஒன்றே அரைக்கால் அங்குலம் போதும். நம் மாநிலச் சட்டம் கேட்பது 7/8 அங்குலமும் நன்றாகத் தீட்டிய உலோக அலகும்தான்.

ஃபிக்ஸட் எடுத்தால் அதற்கான உழைப்பும் வேண்டும். முன்னால் விரிந்து நிற்கும் அலகு ஒரு சின்ன இறக்கை மாதிரி வேலை செய்யும். வில்லில் துளி கோணல் இருந்தாலும் அம்பை இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் ஒவ்வொரு அம்பையும் முனை மாட்டி, நுனியை மேஜையில் நிறுத்தி விரலால் சுழற்று. முனை ஆடினால் அந்த அம்பை ஒதுக்கி வை. பிறகு இருபது கஜத்தில் மூன்று ஃபீல்டு பாயின்ட், மூன்று பிராட்ஹெட் எய். ரெண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வேலை முடிந்தது. பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால், வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டை வலப்பக்கம் நகர்த்து, அதாவது ஃபீல்டு பாயின்ட் விழுந்த திசைக்கு. ஒரு தடவைக்கு ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்தாதே. மறுபடி எய்து பார். பிறகு முப்பது கஜத்தில் இதையே செய். பொறுமையாகச் செய்தால் ரெண்டு கூட்டமும் மெல்ல மெல்ல ஒன்றுசேரும். அப்போதுதான் உன் வில் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சிக்கு எய்த முனையைத் தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகாதே. ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அலகால் லேசாகத் தொட்டுப் பார். அழுத்தாமலே அறுபட வேண்டும்.

எவ்வளவு நல்ல முனையும் தவறான கோணத்தைச் சரிசெய்யாது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது உன்னைவிட்டுச் சற்றே விலகித் திரும்பியிருக்க வேண்டும். நேருக்கு நேர் நின்றால் நாணைத் தொடாதே. இந்த வருஷம் இருபது கஜத்தைத் தாண்டியும் வேண்டாம். எய்த பிறகு அம்பை எடுத்துப் பார். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துத் தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் காத்திரு. பச்சையாக ஏதாவது ஒட்டி நாற்றம் அடித்தால் வயிறு. அப்போது குறைந்தது எட்டு மணி நேரம் அந்தப் பக்கம் போகாதே. உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து எங்கேயோ போய்விடும்.

1934-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக வில்லுக்கென்று தனி மான் பருவத்தைத் திறந்தது இந்த விஸ்கான்சின்தான். வில்லால் மானை நேர்மையாக வீழ்த்த முடியும் என்று அன்றைக்கு வாதாடிப் பெற்ற உரிமை அது. நாம் எய்யும் ஒவ்வொரு அம்பும் அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் மனசார நம்புகிறேன்.

உன் இழுவிசை 60 பவுண்டைத் தொடும் நாளில் மெக்கானிக்கலை எடுத்துப் பார்க்கலாம், நானே வாங்கித் தருகிறேன். அதுவரைக்கும் ஃபிக்ஸட். பருவம் செப்டம்பர் நடுவில் திறக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை வில்லோடு கிளம்பி இங்கே வா, ரெஸ்டை ரெண்டு பேரும் சேர்ந்து சரிசெய்வோம். அத்தை உனக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சாதம் செய்து வைக்கிறேன் என்கிறாள். முனை வாங்கியதும் எந்த வகை, என்ன எடை என்று எழுது.

அன்புடன்,
மாமா