தேய்த்து எடுத்த தேஜஸ்

பௌர்ணமி இரவு கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் நடந்து முடித்து, விடியற்காலையில் வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பிய என் நண்பர், தம்முடைய கறுப்புக் காரின் பானெட்டில் படிந்திருந்த புழுதியின்மேல் யாரோ ஒரு பக்தர் ஆள்காட்டி விரலால் ‘ஓம்’ என்று பெரிதாக எழுதிவிட்டுப் போயிருப்பதைக் கண்டு, அதை அண்ணாமலையாரின் அநுக்கிரகமாகவே பாவித்துச் சிறிது நேரம் மெய்ம்மறந்து நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். புழுதி போயிற்று; ஓம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, திருவண்ணாமலை வேலூர் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையின் முன் நாங்கள் இருவரும் நின்றதற்கு அந்த ஓம்தான் காரணம். கார்களுக்கு மெஷின் பாலிஷ் போடும் பட்டறை அது. மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். உதவிக்கு இரண்டு பையன்கள். அம்பாஸடர் டாக்ஸிகளே இந்த ஊர்ச் சாலைகளை ஆண்ட காலத்தில், ஒரு டிங்கரிங் கடையில் வாட்டர் பேப்பர் தேய்க்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர் அவர். “அந்தக் காலத்து பெயிண்ட்டைத் தேய்ச்சா துணியில கலரு வரும் சார். இப்ப வர்ற வண்டியில வெள்ளையாத்தான் வரும்” என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் வர்ணத் தொழிலின் அரை நூற்றாண்டுச் சரித்திரமே அடங்கியிருந்தது. அன்றைய வர்ணம் ஒரே ஜாதிப் பூச்சு. இன்றைய காரிலோ, இரும்புத் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் வர்ணப் பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது நம் தலைமயிர் இரண்டைச் சேர்த்து வைத்த கனம். அதிலும் மேலே உள்ள கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். காரின் பளபளப்பும், வெயிலைத் தாங்கும் அதன் சக்தியும் அந்த அரை மயிர்க் கனத்திலேதான் குடியிருக்கின்றன.

மேஸ்திரி முதலில் கையில் எடுத்தது மெஷினை அல்ல, டார்ச் விளக்கை. பானெட்டின்மேல் ஒளி விழுந்ததும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான நுண்ணிய வளையங்கள் சிலந்தி வலைபோல் மின்னின. விளக்கை நகர்த்தினார், வலையும் கூடவே நகர்ந்தது. உண்மையில் கீறல்கள் வட்டமாக இருக்கவில்லை. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் அவற்றுள், ஒளி வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மாத்திரமே கண்ணை நோக்கி மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் வரைந்தாற்போன்ற பிரமை உண்டாகிறது. வெள்ளை வண்டியிலும் இவை இல்லாமலில்லை. ஆனால் வெள்ளை நிறம் தானே அள்ளி வீசும் வெளிச்சத்தில் கீறலின் மினுக்கம் கரைந்துபோகிறது. கறுப்போ விழுந்த ஒளியையெல்லாம் விழுங்கிவிட்டுக் கீறலின் மினுக்கத்தை மட்டும் காட்டிக் கொடுக்கிறது.

இத்தனை கீறல்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். மேஸ்திரி நண்பரின் தோளிலிருந்த துண்டைப் பார்த்துச் சிரித்தார்.

“வண்டி மேல ஆசை வச்சு, தினமும் காலையில துணியால துடைக்கிறாங்க பாருங்க, அவங்கதான் சார் எங்களுக்குச் சோறு போடுறாங்க.”

இந்த ஊரின் புழுதி கருங்கல் மலையும் பாறையும் தேய்ந்து உதிர்ந்த புழுதி. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதாரண இரும்பையே கீறும் கடினம் உடையது; பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்! உலர்ந்த துணி அந்தத் துகளைப் பிடித்து வண்டியின்மேல் இழுத்துக்கொண்டு போகிறது. ஆயுத பூஜையன்று பூசிய சந்தனமும் விபூதியும் காய்ந்தபின் மறுநாள் அப்படியே சுரண்டித் துடைப்பதும், கிரிவலக் கூட்டத்தில் பைகள் உரசுவதும், புழுதியில் விரலால் எழுதுவதும் எல்லாம் ஒரே காரியத்தின் பல ரூபங்கள்தாம். விரலால் எழுதிய பக்தர் அறியாமலே தம் விரல் நுனிக்கு அடியில் கல்துகளை வைத்து எழுத்தாணி பிடித்திருக்கிறார்.

பையன்கள் வண்டியின் தலையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்கி, ஷாம்பூ போட்டுக் கழுவினார்கள். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரத்தின்மேல் வழுக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் வர்ணத்தில் பதிந்திருந்த சொரசொரப்பை எடுத்தார்கள். ரப்பர் விளிம்புகளுக்கு டேப் ஒட்டியானதும், வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு மீட்டரை மேஸ்திரி இடத்துக்கு இடம் வைத்துப் பார்த்தார். பானெட்டில் 112, 108 என்று காட்டிய அது, இடப்பக்கக் கதவில் 260 என்று காட்டியது. “இந்தக் கதவுக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிச்சிருக்காங்க சார்” என்றார். பழைய வண்டியாக அதை வாங்கியிருந்த நண்பர், விற்றவர் சொல்லாமல் விட்ட ஒரு விபத்தை அந்த நிமிஷத்தில் அறிந்துகொண்டு மௌனமானார்.

பிறகுதான் மெஷின் வந்தது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள அந்த யந்திரத்தின் முகத்தில் கம்பளிப் பேட் மாட்டி, காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசையை நான்கு பொட்டாக வைத்து, மெதுவாகச் சுழலவிட்டுப் பரப்பியபின் வேகத்தைக் கூட்டினார். இரண்டடிச் சதுரம் ஒரு பாத்தி. அதில் முதலில் இடவலமாகவும், அடுத்து மேல்கீழாகவும், ஏர் உழுதாற்போல் ஒரு சாலின்மேல் மறுசால் பாதி ஏறும்படி, கை அவசரமே இல்லாமல் நகர்ந்தது. ஒயர் வர்ணத்தில் உரசாதபடி தோளின்மேல் கிடந்தது. ஒவ்வொரு பாத்தியும் முடிந்ததும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்; சூடு மிஞ்சினாலும், பேட் சாய்ந்து ஓரத்தால் அழுத்தினாலும் வர்ணம் எரிந்துவிடும். கதவின் முனை, பானெட்டின் மடிப்பு முதலிய இடங்களில் பூச்சு மெல்லியது. அங்கே பேட்டை விளிம்புக்கு எதிராக ஓடவிடாமல், விளிம்பிலிருந்து வெளியே விலகி ஓடும்படி திருப்பிப் பிடித்தார்.

மெஷின் கீறலை நிரப்புவதாக அதுவரை நினைத்திருந்தேன். காம்பவுண்டில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்ணிய அரைதூள். அது கீறலைச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பளபளப்பு சேர்த்ததனால் வருவதன்று, இழந்ததனால் வருவது. ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரான் மூலதனத்திலிருந்து கொஞ்சம் செலவாகிறது. கம்பளி விட்டுச் சென்ற மங்கலான அலைகளை அடுத்து ஸ்பாஞ்சு பேடும் நைஸ் பாலிஷும் அழிக்கின்றன. முரட்டுத் தூளின் தழும்பை மெல்லிய தூள் ஆற்றும் கிரமம் இது.

இந்த ஸ்தலத்துக்கு அந்தக் கிரமம் புதிதன்று. ரமண மகரிஷி ஒருமுறை முள் நிறைந்த கிளையொன்றை வெட்டி, முள்ளையும் கணுவையும் சீவி, சொரசொரப்பான இலையால் நெடுநேரம் தேய்த்து வழவழப்பான கோலாக்கி, தன் கோலைத் தொலைத்துவிட்டு வந்த இடைச்சிறுவனிடம் கொடுத்தார் என்று ஆசிரமத்தார் சொல்லும் வரலாறு உண்டு. இலையானாலும் அலுமினியம் ஆக்ஸைடானாலும் வேலை ஒன்றே: வேண்டாததைக் கழித்தல்.

பாலிஷ் முடிந்ததும் மேஸ்திரி ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு மறுபடியும் டார்ச் அடித்தார். எண்ணெய்ப் பசையும் மெழுகும் கீறலில் நிரம்பிச் சில நாள் மறைத்துவைக்கும். அந்தப் பாசாங்கு கழுவினால் போய்விடும் என்பதற்காக, தம் வேலையைத் தாமே சோதித்துப் பார்க்கும் பரீக்ஷை அது. சிலந்தி வலை மறைந்திருந்தது. கொட்டகையின் தகரமும், சட்டமும், எங்கள் மூவர் முகமும் கறுப்புத் தடாகத்தில் விழுந்தாற்போல் பானெட்டில் தெரிந்தன. ஆனால் குனிந்து பார்த்தால், ஓமின் சுழிப்பு மாத்திரம் இன்னும் நூலிழையாய் இருந்தது.

“இன்னொரு தடவை ஓட்டுங்களேன், மேஸ்திரி” என்றார் நண்பர்.

மேஸ்திரி அதன்மேல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் இலேசாகத் தடுக்கியது. “நகம் தட்டுச்சுன்னா ஆழம் சார். இதைச் சுத்தமா எடுக்கணும்னா கிளியரே மிஞ்சாது. ரெண்டு வருஷ வெயில்ல உரிஞ்சு போயிடும். என்னால எடுக்க முடியும், எடுக்கக் கூடாது.”

இருபது வயதில் கற்றது எப்படித் தேய்ப்பது என்பதாம்; எங்கே நிறுத்துவது என்பதற்கு அடுத்த இருபது வருஷம் ஆயிற்றாம். இதைச் சொல்லிக்கொண்டே அவர் வலது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நாள் முழுவதும் அதிரும் யந்திரத்தைப் பிடித்த விரல்கள் இரவில் மரத்துப்போகின்றன என்றார். பையன்கள் முகத்திலும் இமையிலும் காம்பவுண்டின் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. முகமூடி ஆணியில் தொங்கியது. வண்டியின் தோலுக்குக் காட்டும் ஜாக்கிரதையில் பாதியையாவது அவர்கள் தம் நுரையீரலுக்குக் காட்டலாம் என்று சொன்னேன். ஒருவன் சிரித்துக்கொண்டே அதை எடுத்து மாட்டிக்கொண்டான். எவ்வளவு நேரம் மாட்டியிருந்தானோ, தெரியாது.

நண்பர் கூலியைக் கொடுத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை மடித்துக் காருக்குள் வைத்தார். கறுப்பு வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: புழுதியைத் தண்ணீரால் இறக்கிய பிறகே துணியைத் தொடுங்கள், கழுவும் துணியை அலச இரண்டாவது வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாமலையாரை நினைத்து ஓம் எழுதத் தோன்றினால், தயவுசெய்து காகிதத்தில் எழுதுங்கள்.