சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

குச்சனூருக்கு யாரும் சிரிப்பதற்காக வருவதில்லை. ஏழரைச் சனி, அஷ்டமச் சனி, கண்டகச் சனி என்று ஆளுக்கொரு சனியைத் தலையில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். சுரபி நதியில் முழுகி எழுந்து, எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீசுவர பகவானிடம் தங்கள் குறையைச் சொல்லி அழுகிறார்கள். ஆடி மாதத்துச் சனிக்கிழமை என்றால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட ஊரில், 1955-ம் ஆண்டில் ஓர் இரவு, ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். சிரிக்க வைத்தவர் என் தாத்தா. அப்போது அவருக்கு வயது பதினேழு. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மறுநாள் காலையில் தகப்பனாரிடமிருந்து பளீரென்று ஓர் அறை!

நதிக்கரையில் கீற்றுப் பந்தல் போட்டு, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றி, ஊர் வாலிபர்கள் நடித்த நாடகம் 'சபாபதி.' எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. என் தாத்தா வேலைக்காரன்.

"கூத்தாடிப் பயலா எனக்குப் பிள்ளையாகப் பிறந்தாய்?" என்று தகப்பனார் கேட்டபோது, தாத்தா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இது ஒரு ஜட்ஜ் எழுதின நாடகம், ஐயா!" என்றாராம்.

"ஜட்ஜ் எழுதுவார். அவர் வீட்டு அடுப்பு எரியும். நீ போய் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சு!"

அந்த ஜட்ஜ் யார் என்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். பம்மல் சம்பந்த முதலியார்தான். 1873-ல் பிறந்தவர், வக்கீல். 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. ஏறக்குறைய தொண்ணூறு நாடகங்கள் எழுதியவர். அவருடைய 'மனோகரா' 1954-ல் சிவாஜி கணேசன் நடித்துத் திரைப்படமாக வந்ததை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜட்ஜும் ஒரு காலத்தில் என் தாத்தாவின் தகப்பனாரைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். கூத்தும் பாட்டுமாக விடிய விடிய நடக்கும் அதற்கும், படித்தவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் எண்ணம். 1891-ல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவரின் சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. நடித்தவர்கள் கூலிக்கு வந்த கூத்தாடிகள் அல்ல, கௌரவமான மனிதர்கள். கிருஷ்ணமாச்சாரியாரே ஒரு வக்கீல்! அன்றைக்குப் பதினெட்டு வயது இளைஞராக இருந்த சம்பந்தத்தின் கண் திறந்தது. அதே ஆண்டில் சில நண்பர்களோடு சேர்ந்து 'சுகுண விலாச சபை'யைத் தொடங்கிவிட்டார். பிற்பாடு சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்களெல்லாம் அந்தச் சபையின் மேடையில் வேஷம் கட்டினார்கள். வக்கீலும் உத்தியோகஸ்தரும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்ட பிறகு, கூத்தாடி என்ற சொல்லால் யாரை ஏசுவது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பட்டணத்தில் மாறிய அந்த மனசு, வைகை தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர அறுபது வருஷம் போதவில்லை!

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வக்கீல் இருந்தார். கில்பர்ட் என்று பெயர். 1836-ல் பிறந்தவர். கட்சிக்காரர்கள் அதிகம் வராததால் அவர் நகைச்சுவை எழுத ஆரம்பித்தார். சல்லிவன் என்ற சங்கீத மேதையோடு கூட்டுச் சேர்ந்து பதினான்கு இசை நாடகங்களைப் படைத்தார். நீதிமன்றத்தையே கேலி செய்து 1875-ல் ஒரு நாடகம். கப்பற்படையைக் கேலி செய்து 1878-ல் இன்னொன்று. ஒத்திகையில் அவர் மகா கண்டிப்பானவர். நடிகர்களுக்கு அவர் போட்ட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு: ஹாஸ்யத்தை நடிப்பவன், தான் ஹாஸ்யம் செய்கிறோம் என்று காட்டிக்கொள்ளவே கூடாது. எவ்வளவு அசட்டுத்தனமான பேச்சானாலும் முழு சிரத்தையோடு பேச வேண்டும்.

சபாபதி என்ற வேலைக்காரனை நினைத்துப் பாருங்கள். 1941-ல் ஏ.வி.எம். எடுத்த 'சபாபதி' படத்தில் காளி என். ரத்தினம் அந்த வேஷத்தில் வருவார். சோடாவை உடைத்துக்கொண்டு வரச் சொன்னால், பாட்டிலையே உடைத்துக்கொண்டு வந்து நிற்பார்! முகத்தில் ஒரு துளி குறும்பு இராது. எஜமான் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிவிட்டோம் என்ற திருப்திதான் இருக்கும். டி. ஆர். ராமச்சந்திரன் நடித்த எஜமானோ, அவனுக்குச் சற்றும் சளைத்தவர் அல்ல. இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்ததில்தான் முதலியாரின் சூட்சுமம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனும் கைகட்டி நிற்பவனும் அசட்டுத்தனத்தில் சமம் என்று, யார் மனமும் நோகாமல் சொல்லிவிட்டாரே!

கில்பர்ட்டைப் பற்றி என் தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும், "நான் சிரித்தால் நீ சிரிக்க மாட்டாய், நான் சிரிக்காமல் இருந்தால்தான் நீ சிரிப்பாய்" என்று சிறுவயதில் எனக்கு அவர் சொன்னது உண்டு. இவ்வளவு தெரிந்த மனிதர், அந்த அறைக்குப் பிறகு ஒரு நாளும் மேடை ஏறவில்லை. மண்வெட்டியை எடுத்தவர், எடுத்தவர்தான்.

முதலியாருக்கு 1959-ல் மத்திய சர்க்கார் பத்ம பூஷண் விருது கொடுத்தது. 1964-ம் ஆண்டு செப்டம்பரில், தொண்ணூற்றோராவது வயதில் அவர் காலமானார். அந்தச் சமயத்தில் தாத்தாவின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். பத்திரிகையைப் படித்துக் காட்டுவது தாத்தாவின் வேலை.

"ஐயா, அந்த ஜட்ஜ் போய்விட்டார்" என்றாராம் தாத்தா.

கிழவர் வெகு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அந்த வேலைக்காரன் வந்து நிற்பானே, அதைக் கொஞ்சம் செய்து காட்டுடா" என்றார்.

தாத்தா திகைத்துப் போனார். "நீங்கள் எங்கே ஐயா பார்த்தீர்கள்?"

"பந்தலுக்குப் பின்னால், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்."

ஒன்பது வருஷம் கழித்து, ஒரே ஒரு ரசிகருக்காக, என் தாத்தா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கைகட்டி நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும், "சரி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டதா?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவுக்குத் தம்முடைய சட்டம் மறந்து போகும், தாமே சிரித்துவிடுவார். கண்ணையும் துடைத்துக்கொள்வார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மண்வெட்டியோ பேனாவோ பிடித்த கையோடு ஒரு சபாபதி ஒளிந்துகொண்டிருக்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று புளியமரத்தடியில் நின்று பார்க்காதீர்கள். முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துவிடுங்கள். சனீசுவரன் கோபித்துக்கொள்ள மாட்டார்!