ரெட்டும் ஃபாலோவும்

எங்க தெரு மன்றத்து வாசல்ல ஒரு கரும்பலகை உண்டு. வெயில் காலம், ஆடி மாசம், மழைக்காலம், பொங்கல்னு சீசனுக்குத் தகுந்த மாதிரி அதுல எழுத்து மாறும். 2025 கோடையில சாக்பீஸால எழுதியிருந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

'கோடைக்கால கேரம் போட்டி - ஆண்கள், பெண்கள் தனித்தனிப் பிரிவு.'

இதுல என்னய்யா அதிசயம்னு கேக்கறீங்களா? அந்த 'பெண்கள்'ங்கற வார்த்தை அங்க வந்து சேர முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். வடசென்னையில மன்றம்னா பெரிய கட்டடமெல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு ரூம், ரெண்டு பெஞ்சு, மடிப்பு கலைஞ்ச பேப்பர், நடுவுல ஸ்டாண்டு மேல கேரம் போர்டு, அதுக்கு நேர் மேல ஒரு குண்டு பல்பு. அவ்வளவுதான். ராயபுரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைன்னு எங்க போனாலும் சாயங்காலத்துல ஸ்ட்ரைக்கர் சத்தம் கேக்கும். எங்க மாதவரம் 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்துச்சு. பேர்தான் மாறுச்சே தவிர மன்றம் அப்படியேதான் இருந்துச்சு. பின்னாடி ஒரு மாடி ரூம் மட்டும் எடுத்தாங்க.

மன்றத்துக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு. ஏப்ரல், மே கேரம் போட்டியும் தண்ணிப் பந்தலும். ஆடியில கூழ். ஆகஸ்ட் 15-க்கு கொடியும் மிட்டாயும். அப்புறம் பள்ளிக்கூடப் பசங்களுக்கு நோட்டு. பொங்கலுக்கு உறியடி, ஸ்லோ சைக்கிள், மைக் செட். பொம்பளைங்களுக்குன்னு இருந்தது பொங்கல் கோலப்போட்டி. அதையும் தெருவுலதான் நடத்துவாங்க. பரிசு பிளாஸ்டிக் பக்கெட்! வாசப்படிக்கு உள்ள அவங்களுக்கு வேலையே இல்ல.

இப்ப 1993-க்குப் போவோம். மரிய இருதயம் 1991-ல கேரம் உலக சாம்பியன் ஆகியிருந்த நேரம். சென்னைக்காரர். அவர் படத்தை பேப்பர்லேர்ந்து வெட்டி மன்றத்து சுவத்துல சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டியிருந்தாங்க. எனக்கு பதினாலு வயசு, தங்கச்சிக்கு பதினொண்ணு. வீட்டுல இருந்த சின்ன போர்டுல நாங்க ரெண்டு பேரும்தான் ஆடுவோம். பத்து ஆட்டத்துல ஏழு அவதான் ஜெயிப்பா. (இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒத்துக்கிட்டதில்ல.)

அந்த மே மாசம் ஒருநாள் நான் உள்ள ஆடிட்டு இருக்கேன். இவ வாசப்படியில வந்து நின்னுட்டா. ஒண்ணும் கேக்கல. போர்டையே பாத்துட்டு இருந்தா. நான் ரெட்டுக்கு குறி வைக்கறேன். "ண்ணா, கட் அடிக்காத, ரிபவுண்ட் போடு"ன்னு மெதுவா சொன்னா. உள்ள இருந்தவனெல்லாம் சிரிச்சிட்டான். "இன்னாடா, உன் தங்கச்சிதான் உனக்கு கோச்சா?"

எனக்கு மானம் போச்சு. "போடி வூட்டுக்கு"ன்னு கத்தினேன். போயிட்டா. நான் கட் அடிச்சேன், ரெட் விழல. அது வேற விஷயம். அதுக்கப்புறம் வீட்டு போர்டுலயும் அவ என்கூட ஆடல. சண்டையெல்லாம் போடல, "வேலை இருக்குண்ணா"ன்னு சொல்லிடுவா.

அப்படியே ஒரு ஜம்ப் அடிச்சு 2023 டிசம்பருக்கு வாங்க. மிக்ஜாம் புயல். 3-ம் தேதி ராத்திரி ஆரம்பிச்ச மழை 4-ம் தேதி முழுக்க விடல. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் கட், பால் வண்டி வரல. கீழ் வீட்டுக்காரங்கள எல்லாம் மன்றத்து மாடியில ஏத்தினோம். பொம்பளைங்க, கைக்குழந்தைங்க, வயசானவங்க. அடுத்த தெருவுல வாக்கப்பட்ட என் தங்கச்சியும் பன்னெண்டு வயசுப் பொண்ணோட வந்து சேர்ந்தா. ஆம்பளைங்க நாங்க வெளிய, சன்ஷேடு கீழ.

ரெண்டாம் நாள் ராத்திரி டீ எடுத்துட்டு மேல போனேன். மெழுகுவத்தி வெளிச்சத்துல கேரம் போர்டை தரையில போட்டு நாலு பேர் ஆடிட்டு இருக்காங்க. இட்லிக்கடை அக்கா, டீச்சரம்மா, மருமக பொண்ணு, கூட என் தங்கச்சி. ஈரத்துல பவுடர் ஒட்டிக்கிட்டு காய் நகரவே மாட்டேங்குது. ஆனா அந்தச் சிரிப்பு! வீடு முழுக்க சேறு ரொம்பிக் கிடக்குது, இவங்க "மைனஸ் மைனஸ்"னு கத்தறாங்க.

டம்ளரை வெச்சுட்டு வாசப்படியில நின்னேன். முப்பது வருஷம் முன்னாடி அவ நின்ன மாதிரியே. உள்ள வரலாமான்னு எனக்கே தயக்கம்.

தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. போர்டு ஸ்டாண்டு மேல ஏறிடுச்சு. மழைக்கு மட்டும் தெறக்குற கதவு பழையபடி மூடிடுச்சு. 2024 கோடைப் போட்டிக்கு மீட்டிங் போட்டப்ப, பொம்பளைங்களுக்கும் ஒரு பிரிவு வைக்கலாம்னு சொன்னேன். "அவங்க வந்தா நாங்க பனியனோட எப்படி உக்கார்றது?"ன்னு ஒரு பெர்சு. "வந்தா நல்லாத்தான் இருக்கும், யாரு வரப்போறா?"ன்னு இன்னொருத்தர். கோபத்தோட தங்கச்சிகிட்ட வந்து சொன்னேன். அவ கேட்டது ஒரே கேள்வி.

"அங்க பாத்ரூம் இருக்காண்ணா?"

இருக்கு. அதுல பழைய பேனரும் கொடிக்கம்பமும் கிடக்கு. தாழ்ப்பாள் இல்ல. மழையில ரெண்டு நாளும் இருட்டினப்புறம்தான் போனோம்னு அவ சொன்னப்ப எனக்குப் பேச்சே வரல. இத்தனை வருஷமா மன்றத்துல இருக்கேன். எங்களுக்கெல்லாம் சுவரு இருந்துச்சு, அதனால தோணவே இல்ல.

அந்த நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில காசிமா மூணு தங்கம் அடிச்சாங்க. தனிநபர், இரட்டையர், குழு. புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, அப்பா ஆட்டோ ஓட்டுறவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு குடுத்துச்சு. மன்றத்துல அன்னிக்கு வெடி வெடிச்சாங்க. ஏற்கெனவே 2008-லயே வியாசர்பாடி இளவழகி பிரான்ஸ்ல உலக சாம்பியன் ஆனாங்க. மூலக்கடை தாண்டினா வியாசர்பாடி. பஸ்ல போற தூரம்தான். அப்பவும் கைதட்டினோம், கதவைத் தெறக்கல.

இந்த தடவை நான் விடல. "வெடிக்கு காசு இருக்கு, தாழ்ப்பாளுக்கு இல்லையா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சலசலப்பு. கடைசியில பனியன் பெர்சே, "இந்தப் பொங்கலுக்கு மைக் செட் வோணாம்பா, அந்தத் துட்டுல கக்கூஸ கட்டு"ன்னுட்டார். மாத்துத் துணி மாட்ட ஆணி, பக்கெட், மக்கு, உள்பக்கத் தாழ்ப்பாள் எல்லாம் வந்துச்சு. 2025 பொங்கல் சத்தமில்லாம போச்சு :-)

மே மாசம் போட்டிக்கு பதினோரு பேர் குடுத்தாங்க. என் தங்கச்சி முதல் ரவுண்டுலயே அவுட். டீச்சரம்மாகிட்ட தோத்தா. ரெட்டை அழகா ரிபவுண்ட்ல போட்டுட்டா. கேரம்ல ரெட்டு போட்டா மட்டும் போதாது, அடுத்த அடியிலயே தன் காய் ஒண்ண போட்டு ஃபாலோ குடுக்கணும். இல்லன்னா ரெட்டு திரும்ப நடு வட்டத்துக்கு வந்துடும். அவளோட ஃபாலோ பாக்கெட் ஓரத்துல நின்னுடுச்சு.

வெளிய வந்ததும், "சாரிடி"ன்னேன். தோத்ததுக்கு சொல்றேன்னு நெனச்சிருப்பா.

"எதுக்குண்ணா? அன்னிக்கு நீ ரிபவுண்ட் போட்டிருந்தா விழுந்திருக்கும்"னா.

மறக்கலை பாருங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் மன்றம் பொம்பளைங்களுக்கு. சில வாரம் ஆறு பேர் வர்றாங்க, சில வாரம் ரெண்டே பேர். தங்கச்சி பொண்ணு மட்டும் தவறாம வந்துடுது. ஆள் கம்மியா இருக்கற வாரத்துல, "அந்த நேரத்தை எங்களுக்கே குடுத்துடேன்"னு பசங்க கேக்கறாங்க. குடுக்கல. ரெட்டு போட்டாச்சு, ஃபாலோ முக்கியம்.

உங்க ஏரியா மன்றத்துல தாழ்ப்பாள் இருக்கா? ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்.