சுவரை இடிக்கும் முன்



அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் உள்ள ஓட்டு வீடு, அத்தா தம் கையால் கட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல் அதன் ஓடுகளில் பாதியைக் கொண்டுபோனது. அன்று தகரமும் தார்ப்பாயும் போட்டுச் சமாளித்தோம். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பாத்திரம் ஏந்தியே காலம் போயிற்று. இவ்வாண்டுதான் ஒன்பது லட்சம் ரூபாய் கையில் சேர்ந்தது. கூரையைப் பிரித்துத் தளம் போடுவது, சமையற்கட்டைப் பெரிதாக்குவது, மேலே ஓர் அறை எழுப்புவது என்று திட்டமிட்டேன்.

கொத்தனார் வந்து அளந்தார். சிமெண்ட், கம்பி, எம்.சாண்ட் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார். போகும்போது, "பட்டா யார் பேருல இருக்கு?" என்று கேட்டார். அனுமதி வாங்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டது அது. "அத்தா பேருலதான்" என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அத்தா வஃபாத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் நாங்கள் அந்தச் சொத்தைப் பிரிக்கவே இல்லை.

அன்று இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்றேன். கடன், வஸிய்யத், அம்மாவுக்குத் தர வேண்டிய மஹர் ஏதேனும் நிலுவை உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஒரு தாளை எடுத்து, சூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் வகுத்த பங்குகளைக் கணக்கிட்டார். அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. முப்பத்திரண்டு பாகமாக்கினால் அம்மாவுக்கு 4, எனக்கு 14, அக்காவுக்கு 7, தங்கைக்கு 7.

பாதிகூட என்னுடையதன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக "என் வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டைத்தான் நான் இடிக்கப் புறப்பட்டிருந்தேன்.

"அவங்க கல்யாணத்துக்கு அத்தா நகை, பாத்திரம் எல்லாம் செஞ்சாச்சே ஹஜ்ரத்" என்றேன். அது அத்தா உயிரோடிருந்தபோது மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு, வாரிசுரிமையோ அவர் மறைந்த பிறகே பிறக்கிறது, ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பதில் இல்லை.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கெதுக்குத் தம்பி? பொறந்த வீட்டுக்கு வந்து போற வழி இருந்தாப் போதும்" என்றார். மகிழ்ச்சியோடு ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் தலையசைத்தார். உறவு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தில் விட்டுக்கொடுப்பது மனமுவந்த கொடையாகாது. மதிப்பு இன்னதென்று முதலில் தெரிவியுங்கள், பங்கு அவர்கள் கைக்கு எட்டட்டும், அதன் பிறகு வைத்துக்கொள்வதும் கொடுப்பதும் அவர்கள் விருப்பம் என்றார்.

மனையும் வீடும் சேர்த்துப் பதினாறு லட்சம் என்று மதிப்பானது. சகோதரிகளுக்குத் தலா மூன்றரை லட்சம். தொகையைச் சொன்னதும் தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாண்ணே, மகன் படிப்புக்கு ஆகும்" என்றாள். அந்த ஆண்டுக் கட்டணத்துக்காகத் தன் வளையலை அடகு வைத்திருந்தாளாம். நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

தங்கைக்குப் பணம் கொடுத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவாயிற்று. அக்கா, "என் பங்கு அந்த வீட்டிலேயே இருக்கட்டும், பட்டாவுல என் பேரையும் சேர்த்திடு" என்றார். அம்மாவுக்கு அந்தத் திண்ணை போதுமாம். ஆயினும் அவர் பெயரும் பட்டாவில் ஏறும். வீட்டுக்கு நான் செலவிடும் தொகை எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதைச் சாட்சிகளோடு எழுதி வைத்தோம்.

கையில் மிஞ்சியது ஐந்தரை லட்சம். வட்டிக் கடன் வாங்கி மேலறையை எழுப்ப மனம் ஒப்பவில்லை. கூரையும் சமையற்கட்டும் மட்டும் போதுமென்று கணக்கைத் திருத்தினோம். கொத்தனார், சித்தாள் கூலிக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். வாரக் கடைசியில் அவர்கள் கையேந்தி நிற்கக் கூடாது.

வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனாரை அழைக்கும் முன் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அது மறைந்துபோன ஒருவரின் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்கைக் கணக்கிட்டு, உரியவரிடம் ஒப்படையுங்கள். கட்டிய பின் பிரிப்பது கடினம். மனமும் இடம் தராது.

வரும் திங்கட்கிழமை ஓடு பிரிக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அக்காவும் தங்கையும் பிள்ளைகளோடு வருகிறார்கள். இம்முறை விருந்தாளிகளாக அல்ல.

பிறர் உரிமை கலவாத இல்லத்தில் வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.