இருந்திருந்தால்



போன வாரம் ஒரு சின்ன விமானத்தின் படம் போட்டிருந்தேன். "சார், இது எந்த நாட்டு விமானம்?" என்று பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, பச்சையும் பழுப்புமாக வண்ணம், வால் பகுதியில் ஒரு தறி நாடா. பதில் இதுதான்: அப்படி ஒரு விமானம் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. மீதியைச் சொல்ல நேரமாகும். அவசரம் இல்லாதவர்கள் படியுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். வயது பதின்மூன்று. வரும்போதே ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். திறந்தால் சாம்பல் நிறத்தில் நாற்பது ஐம்பது துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் 'மாருத்' என்ற நம் நாட்டு ஜெட் போர் விமானம் வருமாம். அளவு 72-ல் ஒரு பங்கு.

மாருத் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நானும் வகுப்பில் சொன்னதில்லை. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம் அது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் 1956-ல் பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். மொத்தம் 147 விமானங்கள் கட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் 10-ஆம் படைப்பிரிவும் 220-ஆம் படைப்பிரிவும் இவற்றை ஓட்டின.

ஒரே ஒரு குறை. உடம்புக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகவேண்டும் என்று வரைந்த விமானம் அது. அதற்கென்று நினைத்திருந்தது, ஆஃப்டர்பர்னர் என்கிற பின்னெரி வசதி கொண்ட பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 12 எஞ்சின். அதை முழுதாக உருவாக்கி முடிக்கப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நம் அரசு கொடுக்கவில்லை, திட்டம் நின்றது. கடைசியில் ஆளுக்கு சுமார் 2,200 கிலோ உந்துவிசை தரும் இரண்டு சாதாரண ஆர்ஃபியஸ் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். ஒலி வேகத்தை ஒட்டி வந்ததோடு சரி. பிறகு எகிப்து நாட்டு எஞ்சினுக்காக ஒரு மாருத்தை அங்கேயே அனுப்பிப் பறக்கவிட்டார்கள். அந்தத் திட்டமும் 1969-ல் நின்றது. நாமே பின்னெரி பொருத்திப் பார்த்த சோதனை விமானம் 1970 ஜனவரி 10-ல் பெங்களூரில் விழுந்தது. அதில் இறந்தவரும் அதே சுரஞ்சன் தாஸ்தான். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. என் மருமகன் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்.

பேரன் சொன்னான்: "தாத்தா, பெட்டியில இருக்கற மாதிரியே செய்ய வேணாம். அந்த நல்ல எஞ்சின் கிடைச்சிருந்தா எப்படி இருந்திருக்குமோ, அந்த மாருத்தைச் செய்யலாம். எங்க ஃப்ரெண்ட்ஸ் இதை 'வாட் இஃப்'னு சொல்வாங்க."

எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. முப்பத்தைந்து வருடம் கணக்கும் அறிவியலும் எடுத்தவன். உள்ளது உள்ளபடி என்று பழகிய புத்தி. "இல்லாததை எதுக்குப்பா செய்யணும்?" என்றேன்.

"இல்லாததுனாலதான் தாத்தா."

சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இல்லாததைச் செய்ய இருப்பதைவிட அதிகக் கணக்கு வேண்டும் என்று. பெரிய எஞ்சினுக்குப் பின்னால் பெரிய குழாய் வேண்டும். ரெனால்ட்ஸ் பேனாவின் உடலை அறுத்து வைத்தோம். குறுக்களவு 8 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் 57.6 சென்டிமீட்டர். "பத்தாது தாத்தா" என்றான். ஸ்கெட்ச் பேனா 10 மில்லிமீட்டர். 72 சென்டிமீட்டர் வந்தது, திருப்தியானான். எஞ்சின் பெரிதானால் காற்று அதிகம் வேண்டும், ஆகவே பக்கவாட்டில் காற்று புகும் வாயையும் அகலப்படுத்த வேண்டும். வால் கனத்தால் மூக்கில் எடை வேண்டும், இல்லாவிட்டால் பொம்மை பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மீன் தூண்டில் ஈயக்குண்டு இரண்டை மூக்குக்குள் ஒட்டினோம். இடைவெளிகளுக்கு, கார் பட்டறையில் பூசும் பட்டியை வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். ஃபெவிக்விக் என் விரலை இரண்டு முறை ஒட்டியது. வீட்டு அம்மாள் சிரித்ததை இங்கே எழுதவில்லை.

விமானத்துக்கு ஒரு கதையும் வேண்டுமாம். நோட்டில் எழுதினான். அவன் கதையில் எஞ்சினுக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள். பின்னெரி மாருத் நன்றாகப் பறந்தது. சுரஞ்சன் தாஸ் அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அந்த வரியைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

என் பங்குக்கு நானும் ஒரு 'இருந்திருந்தால்' சொன்னேன். "நான் 1958-ல் பொறந்தப்ப நம்ம அம்மையார்குப்பம் ஆந்திராவுல இருந்துச்சு. சித்தூர் ஜில்லா. ம.பொ.சி. போன்றவங்க போராடி, 1960 ஏப்ரல் 1-ல திருத்தணியோட சேர்ந்து நாமளும் இந்தப் பக்கம் வந்தோம். வராம இருந்திருந்தா உன் தாத்தா தெலுங்குல கணக்கு சொல்லிக் குடுத்திருப்பேன்." இன்னொன்றும் சொன்னேன். அப்துல் கலாம் விமானப்படையில் விமானியாகச் சேர டேராடூனுக்குப் போனார். எடுத்தது எட்டுப் பேரை. அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். எட்டாவதாக வந்திருந்தால்?

பேரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "உங்க ஸ்டூடண்ட்ஸ்ல யாராவது இப்படி இருந்திருந்தா, அப்படி இருந்திருந்தான்னு இருக்காங்களா தாத்தா?"

இதுவரை எழுதியது எளிது. இனிமேல்தான் கஷ்டம்.

1992-ல் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டியூ-142 என்ற பெரிய ரஷ்ய விமானம். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறி. எப்போதாவது நம் பக்கம் வந்தால் ஓடு அதிரும். பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடுவார்கள். நான் பிரம்போடு வாசலில் நிற்பேன்.

1995-ல் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். நெசவாளி வீட்டுப் பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க விமானம்தான். ஒருநாள் பார்த்தேன். அந்த டியூ விமானத்தையே வரைந்து, விசிறிகளை எடுத்துவிட்டு ஜெட் வைத்திருந்தான். இறக்கையை மடக்கியிருந்தான். "இது என்னடா?" என்றேன். "இப்படி இருந்தா இன்னும் வேகமா போகும் இல்ல சார்?" என்றான்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? இருக்கிற கணக்கைப் போடு முதல்ல" என்று சொல்லி அந்தத் தாளைக் கிழித்தேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்குப் போனான்.

முப்பது வருடத்தில் பல முறை அவனைத் தெருவில் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். நானும் நன்றாக இருக்கிறேன் என்பேன். அந்தத் தாளைப் பற்றிப் பேசியதில்லை. பேரன் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுடைய 'இருந்தா' கேள்விக்காக ஈயக்குண்டு தேடித் தெருத் தெருவாக அலைகிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுடைய அதே கேள்வியைக் கிழித்துப் போட்டேன். ஒருவன் என் பேரன், மற்றவன் என் மாணவன். வித்தியாசம் அவ்வளவுதான்.

விமானத்தின் வாலில் படைப்பிரிவு அடையாளம் ஒட்ட வேண்டியிருந்தது. இல்லாத படைக்குக் கடையில் ஸ்டிக்கர் கிடைக்காது. அந்த மாணவன் இப்போது நாலு விசைத்தறி வைத்திருக்கிறான், சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் தானே வரைகிறான். பேரனைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசலுக்கு வந்தோம்.

விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பின்னாடி குழாய் மாத்தியிருக்கீங்க. காத்து போற வாயும் பெருசாக்கியிருக்கீங்க. சரிதான் சார்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னேன், "அன்னைக்கு உன் நோட்டைக் கிழிச்சது தப்புப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஞாபகம் இருக்கு சார். அதுக்கப்புறம் நோட்டுல வரையல. தறி அட்டையிலதான் வரைஞ்சேன்" என்றான். "ஆனா நான் நின்னதுக்கு அது காரணம் இல்ல. அந்த வருஷம் அப்பாவுக்குக் கண்ணு போச்சு. நீங்க கிழிக்காம இருந்திருந்தாலும் தறிக்குத்தான் வந்திருப்பேன். அந்தக் கணக்கைப் போடாதீங்க சார்."

அப்பாவுக்குக் கண் போனது எனக்கு அன்று வரை தெரியாது. ஒரு வருடம் முழுக்க வகுப்பு ஆசிரியராக இருந்தவன் நான். அந்தப் பையன் நின்றபோது, வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்கவில்லை. தாளைக் கிழித்ததைவிட இதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

அடையாளத்தை அவனே வரைந்தான். கருடன் வேண்டுமா, புலி வேண்டுமா என்று பேரன் கேட்டான். "நாடா போடு தம்பி. ரெண்டு பக்கமும் கூரா இருக்கும், நிக்காம ஓடும், விமானம் மாதிரிதான்" என்றான். ஸ்டூடியோவில் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அவன் மகள் ஆறாவது படிக்கிறாள். விமானத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. அடுத்த பெட்டியை அவளோடு செய்வதாகப் பேரன் சொல்லியிருக்கிறான். அரக்கோணத்து டியூ விமானங்களுக்கு 2017 மார்ச்சில் விடை கொடுத்துவிட்டார்கள். விசிறி இல்லாத, இறக்கை மடங்கிய டியூ ஒன்றை நாங்கள் செய்யப் போகிறோம். படத்தை அவள் அப்பாதான் திரும்ப வரைந்து தரவேண்டும். கேட்டிருக்கிறேன், "பாக்கலாம் சார்" என்றிருக்கிறான்.

என்னிடம் படித்தவர்களே, உங்களில் வேறு யாருடைய தாளையாவது நான் கிழித்திருந்தால் கீழே எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம். இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும்: ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றால், அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

விமானம் எங்கள் கூடத்தில் டிவி பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கலாம், தொட வேண்டாம். இடது சக்கரம் இன்னும் சரியாக ஒட்டவில்லை.